வியாழக்கிழமை வரை பிடுங்க வேண்டாம்

“மூவர் கொண்ட ஆய்வுக் குழு குறித்த நாளில் வர இயலாதவிடத்து, பொறுப்பான உத்தியோகத்தர் தாமே பயிரை எண்ணி, படம் எடுத்து, கையொப்பமிட்டுச் சான்றளிக்கலாம்.” வீட்டு உணவுப் பயிர்ச் செய்கைக்கான சுற்றறிக்கை, ஆறாம் பந்தி, இரண்டாம் உபபிரிவு.

சுற்றறிக்கைகளை ஆறாம் பந்தி வரை யாரும் வாசிப்பதில்லை. மூன்றாம் பந்தியில் ‘மாதாந்த அறிக்கை’ என்ற சொல் வந்ததும் மடித்துக் கோப்பில் போட்டுவிடுவார்கள். நான் கடைசிப் பக்கத்தில் பிரதிகள் யார் யாருக்குப் போகின்றன என்பது வரை வாசிப்பவன். ஆகவே அந்தப் பிரிவு எனக்குத் தெரியும். தெரிந்தும் பயன்படுத்தவில்லை. புதிய போதனாசிரியர்களான உங்கள் பயிற்சி நிறைவு மலருக்கு ஏதாவது எழுதித் தரும்படி கேட்டார்கள். சேவையில் நான் சாதித்தவற்றை எழுதலாம் என்றுதான் முதலில் உட்கார்ந்தேன். அரைப் பக்கத்துக்கு மேல் போகவில்லை. இது அதைவிட நீளமானது.

நான் விவசாயப் போதனாசிரியராக ஓய்வு பெற்ற வருடம் அது. முந்திய வருடம் உரம் வருவது நின்று தேயிலை மஞ்சளாகியிருந்தது. பிறகு எரிவாயு, கோதுமை மா, டீசல் என்று ஒவ்வொன்றாகக் காணாமற்போயின. எல்லோரும் பயிரிடுங்கள் என்றது அரசாங்கம். அரச ஊழியர்கள் வீட்டில் பயிரிட வசதியாக வெள்ளிக்கிழமை விடுமுறையும் கொடுத்தது. பயிரிடுபவர்களைப் போய்ப் பார்க்க வேண்டிய எங்களுக்கும் அந்த விடுமுறை கிடைத்தது. எங்கள் காரியாலயத்தில் யாரும் ஒரு மிளகாய்க் கன்றாவது வைத்ததாக நான் கேள்விப்படவில்லை. நானும் வைக்கவில்லை.

தெஹியோவிட்டவுக்கு மேலே ஒரு தோட்டத்தில் செல்வராணி, சிவகுமார் என்று ஒரு குடும்பம். இரண்டு பெண் பிள்ளைகள். பெரியவள் தர்ஷினி சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். சின்னவளுக்கு நான்கு வயது. கணவனும் மனைவியும் சில வருடங்களுக்கு முன் தோட்டத்தில் ‘பேர் வெட்டிக்கொண்டவர்கள்’. அதாவது தொழிலாளர் பதிவிலிருந்து விலகி, தோட்டம் பிரித்துக் கொடுத்த அரை ஏக்கர் தேயிலையைத் தாங்களே பராமரித்து, கொழுந்தை ஆலைக்குக் கொடுப்பவர்கள். எங்கள் பதிவேட்டில் அவர்களுக்குச் சிறு தோட்ட உரிமையாளர் என்று பெயர். உரிமையைக் காட்டும் ஒரு தாளும் அவர்களிடம் இல்லை. பதிவில் இருந்த தொழிலாளர்களுக்குத் தோட்டம் மா கொடுத்தது. காணி உறுதி வைத்திருந்த கிராமத்தவர்களுக்கு நிவாரணப் பட்டியல் இருந்தது. இவர்கள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

மிச்சமிருந்த ஒரே வழி எங்கள் சுற்றறிக்கை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட உணவுப் பயிர் நூறு செடிக்குக் குறையாமல் நிலத்தில் நிற்க வேண்டும். ஆய்வுக் குழு வந்து பார்க்க வேண்டும். பார்த்தால் அந்தக் குடும்பத்துக்கு மூன்று மாதத்துக்கு உலர் உணவுப் பொதி: அரிசி, பருப்பு, மா, டின் மீன்.

செல்வராணி அரசாங்கம் சொல்வதற்கு முன்பே தை மாதத்தில் மரவள்ளி நட்டிருந்தார். தேயிலை பட்டுப்போன இடங்களிலும் தண்ணீர் வடியும் கான் ஓரங்களிலும் தடிகள் ஆளுயரத்துக்கு நின்றன. நான் பதிவு செய்யப் போனது ஆகஸ்ட் ஆரம்பத்தில்.

“நல்லா எண்ணுங்க சேர். ஆனா செத்துப்போன தேயிலையையும் சேத்து எண்ணிறாதீங்க, அது வேற திணைக்களம்,” என்றார் சிவகுமார். கல் ஒன்றின்மேல் குந்தியிருந்தார். காலையிலிருந்து சாப்பிடாதவரின் சலிப்பு அந்தப் பகிடியில் இருந்தது. எனக்கு அப்போது அது பகிடியாக மட்டும் கேட்டது.

இரண்டு தடவை எண்ணினேன். நூற்று நான்கு.

“நூறுக்கு மேல நாலு. தப்பிச்சீங்க,” என்றேன்.

“அந்த நாலும் சின்னவ நட்டது,” என்றார் செல்வராணி. “தடிய தலைகீழா சொருகிட்டுப் போயிட்டா. நாந்தான் பொறகு புடுங்கித் திருப்பி வச்சேன்.”

படிவத்தில் கையொப்பம் வாங்கும்போது சிவகுமார், “சாமான் எப்ப வரும் சேர்?” என்று கேட்டார்.

“அடுத்த வியாழக்கிழமை குழு வரும். அதுக்குப் பொறகு ஒரு கிழமையில.”

“மாசக் கடைசிக்குள்ள வந்துருமா?”

“ஏன் மாசக் கடைசி?”

அவர் மனைவியைப் பார்த்தார். செல்வராணிதான் சொன்னார். “கொழும்புல ஒரு வீட்டுல வேலைக்கு ஆள் கேக்குறாங்க. மாசக் கடைசியில வந்து கூட்டிட்டுப் போறாங்களாம். பெரியவளக் கேக்குறாங்க.”

“பரீட்சை டிசம்பர்ல இல்லையா? வயசு என்ன?”

“பதினாறு முடிஞ்சுது,” என்றார் சிவகுமார். “அனுப்பலாமான்னு விசாரிச்சுட்டோம் சேர். சட்டம் நீங்க மட்டுந்தான் பாப்பீங்களா?”

“சாமான் வந்துட்டா அவ போக மாட்டா,” என்றார் செல்வராணி. “எங்களுக்குள்ள அவ்வளவுதான் பேச்சு.”

ஆகவே எனக்கு எல்லாம் தெரியும். பின்னால் யாரும், நானும் சேர்த்து, தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது.

புறப்படும்போது, வியாழக்கிழமை வரை ஒரு செடியும் பிடுங்க வேண்டாம் என்று சொன்னேன்.

“கெழங்கு விரல் மொத்தம் தாண்டிருச்சு சேர். பிள்ளைங்களுக்கு அவிச்சுக் குடுக்கலாம்னு பாத்தேன்.”

“நூறுக்குக் குறைஞ்சா படிவம் செல்லாது.”

அவர் கொஞ்சம் யோசித்தார். “அப்ப நாலு புடுங்கலாமா?”

“நாலு புடுங்கலாம்,” என்றேன். அதைப் பெரிய சலுகை போலச் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்த வியாழக்கிழமை ஜீப்புக்கு டீசல் இல்லை. வாராந்த ஒதுக்கீடு புதன்கிழமையே முடிந்துவிட்டது. செவ்வாய்க்கு மாற்றினார்கள். செவ்வாயன்று குழுவின் மூன்றாமவருக்குக் கொழும்பில் கூட்டம். மூவர் இல்லாமல் குழு இல்லை. வெள்ளிக்கிழமை போகலாமே என்றேன். காரியாலயத் தலைவர் என்னை வினோதமாகப் பார்த்து, “வெள்ளி நாங்கள் பயிரிடும் நாள் அல்லவா?” என்று சிங்களத்தில் கேட்டார். அவர் பகிடிக்காரர் இல்லை. அடுத்த வியாழக்கிழமை என்று முடிவானது.

ஒவ்வொரு முறையும் நான் போன் எடுத்துச் சொன்னேன். அந்தக் கடமையில் நான் குறை வைக்கவில்லை.

“சேர், அந்த நாலும் முடிஞ்சுது,” என்றார் செல்வராணி.

“எப்ப?”

“சனிக்கிழமையே.”

“அடுத்த வியாழன் கட்டாயம் வருவாங்க. அதுவரைக்கும் பொறுங்க.”

“நாங்க பொறுத்துக்குவோம் சேர். பன்னி பொறுக்குமா? கீழ்ப்பக்கம் கான் ஓரமா மண்ணக் கிண்டிப் பாத்துட்டுப் போயிருக்கு.”

காட்டுப் பன்றிக்குச் செய்ய வேண்டியவை பற்றி எங்களிடம் ஒரு துண்டுப் பிரசுரம் உண்டு. அதிலிருந்ததைச் சொன்னேன். சுற்றிவரக் கயிறு கட்டி, அதில் பழைய துணிகளையும் வெறும் டின்களையும் தொங்கவிடுங்கள் என்றேன்.

“டின் மீன் தின்னாத்தானே சேர் வெறும் டின் இருக்கும்,” என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

இந்த இடத்தில் நீங்கள் கேட்பீர்கள்: ஆறாம் பந்தி இருந்ததே, நீங்களே எண்ணிக் கையொப்பமிட்டிருக்கலாமே? பல வருடங்களுக்கு முன் கஹவத்தைப் பக்கம் ஒரு நாற்று மேடைக்கு நான் தனியாகச் சான்றளித்திருந்தேன். நாற்றுகள் இருந்தன, எண்ணிக்கையும் சரி. ஆனாலும் ஏன் தனியாகப் போனீர்கள் என்று கணக்காய்வு வினா ஒன்று வந்தது. பதில் எழுதினேன். பதிலின் மேல் வினா வந்தது. அந்தக் கோப்பு மூடப்படுவதற்குள் என் பதவி உயர்வு ஒரு சுற்று தள்ளிப்போனது. அன்றிலிருந்து சான்றளிக்க நான் எங்கும் மூன்று பேராகத்தான் போனேன். கூடச் சேர்ந்து கையொப்பமிட இரண்டு பேர் இருந்தால் மனிதனுக்கு எவ்வளவு நல்லபடியாகத் தூக்கம் வருகிறது என்பதை நீங்களும் அனுபவித்து அறிவீர்கள்.

புதன்கிழமை மனம் கேட்காமல் பஸ் ஏறிப் போனேன். ஆய்வுக்கு முன் ஒருமுறை பார்த்து வரலாம் என்று எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். தோட்டத்துக்குள் நுழைந்ததும் பிள்ளை மடுவம். வேலைக்குப் போகும் பெண்களின் சிறு பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்ளும் இடம். வாசலில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்கள். செல்வராணியின் சின்னவளும் அந்த வரிசையில் இருந்தாள்.

மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் ஆயாம்மாவை எனக்கு முன்பே தெரியும். உள்ளே அழைத்து ஸ்டூல் போட்டார். மேசையில் வரவுப் பதிவேடு திறந்திருந்தது. பழக்கதோஷம், பார்த்தேன். இருபத்திரண்டு பெயர்கள். வெளியே எட்டிப் பார்த்து எண்ணினேன். இருபத்தாறு பிள்ளைகள்.

“பேர் வெட்டினவங்க பிள்ளைய இங்க சேக்க முடியாதே?” என்றேன்.

“சேக்கலயே. எங்க சேத்திருக்கேன், காட்டுங்க பாப்போம்.” பதிவேட்டை என் பக்கம் தள்ளினார்.

“அப்ப அந்த நாலு பிள்ளைங்க?”

“கஞ்சியில கொஞ்சம் தண்ணி கூட ஊத்துனேன். சேர் அதுக்கும் நிரப்புறதுக்கு ஏதாச்சும் பாரம் வச்சிருக்கீங்களா?”

“தோட்டத் துரைக்குத் தெரிஞ்சா?”

“எழுதுனாத்தானே தெரியும். நான் தலையப் பாத்து ஊத்துறேன், பேரப் பாத்து இல்ல.” பிறகு குரலைத் தாழ்த்தினார். “சேர், இதுக்கு நாலு வயசு. இங்க வந்து குடிச்சிருது. பெரியவ பள்ளிக்கூடத்துல ரெண்டு தரம் மயங்கி விழுந்துட்டா, தெரியுமா? அவள நான் எந்த வரிசையில ஒக்கார வைக்கிறது? நீங்க அந்த மரவள்ளிய எண்ணுறீங்க, எண்ணுறீங்க, எண்ணிக்கிட்டே இருக்கீங்க.”

எழுந்தேன். செல்வராணியின் துண்டுக் காணி அங்கிருந்து பத்து நிமிட ஏற்றம். சட்டைப் பையில் போன் இருந்தது, அதில் கெமரா இருந்தது. பையில் வெற்றுச் சான்றிதழ்ப் படிவங்கள் இருந்தன. அவை இல்லாமல் நான் வெளியே போவதில்லை. வெளிச்சம் இருந்தது. ஏறிப்போய் எண்ணி, நாலு படம் எடுத்துக் கையொப்பம் போட்டிருந்தால் அந்த மாலையே அவர்கள் எல்லாவற்றையும் பிடுங்கியிருக்கலாம். ஏற்றத்தைப் பார்த்தேன். மணிக்கூட்டைப் பார்த்தேன். அவிசாவளைக்கு அந்த வழியால் போகும் கடைசி பஸ்ஸுக்கு இருபது நிமிடம் இருந்தது. டீசல் இல்லாத காலம், விட்டால் நடைதான். நாளைக்குத்தான் குழு வருகிறதே, ஒரு இரவுதானே என்று நினைத்தேன். இறங்கிப் போய் பஸ் ஏறினேன். இருக்கை கூடக் கிடைத்தது.

காலை ஆறரைக்கு சிவகுமார் போன் எடுத்தார். “சேர், பன்னி வந்துட்டுப் போயிருச்சு. அதுக்கு யாரும் உங்க சுற்றறிக்கைய வாசிச்சுக் காட்டல போல.”

நான் போய்ச் சேர எட்டரையாகிவிட்டது. உழுதது போலக் கிடந்தது நிலம். தடிகள் நாலாபக்கமும் சாய்ந்து கிடந்தன. மென்று துப்பிய கிழங்குச் சக்கை வெள்ளையாக மண்ணில் ஒட்டியிருந்தது. பன்றி ஒரு கிழங்கை முழுதாகத் தின்பதில்லை. பத்தைக் கடித்து ஒன்றைத் தின்னும். செல்வராணி குனிந்து, கடிபடாத துண்டுகளை ஒரு வாளியில் சேர்த்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை. தர்ஷினி பள்ளிச் சீருடையோடு தாய்க்குப் பக்கத்தில் நின்று மண் துடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். வாளி பாதிகூட நிரம்பவில்லை.

அப்போதுதான் காரியாலயத்திலிருந்து போன் வந்தது. டீசல் கிடைத்துவிட்டது, மூவரும் புறப்பட்டுவிட்டார்கள், ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவார்கள்.

சொன்னேன். சிவகுமார் விழுந்து கிடந்த தடி ஒன்றை எடுத்து மண்ணில் ஊன்றி, காலால் மிதித்து இறுக்கினார். அடுத்ததை எடுத்தார்.

“என்ன செய்றீங்க?”

“தடிதானே எண்ணுவாங்க. கெழங்கத் தோண்டியா பாக்கப் போறாங்க? இலை வாட மத்தியானம் ஆகும். ரெண்டு பேர் கை குடுத்தா முடிச்சிரலாம்.”

அவர் சொன்னது சரி. எந்தக் குழுவும் தோண்டிப் பார்த்ததை நான் கண்டதில்லை. தர்ஷினியும் ஒரு தடியை எடுத்துவிட்டாள். செல்வராணி வாளியைக் கீழே வைத்து, முதல் தடவையாக நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். கேட்கவில்லை. நான் என்ன செய்யப்போகிறேன் என்று பார்த்தார்.

நான் வேண்டாம் என்றேன். பொய்ப் பயிரைக் காட்டிப் பிடிபட்டால் பதிவே ரத்தாகும், இனி எந்தத் திட்டத்திலும் சேர முடியாது என்றேன். ஒன்பதாம் பந்தி அப்படித்தான் சொல்கிறது. நடந்ததைக் குழுவிடம் நானே சொல்கிறேன், ஆறாம் பந்தியின்படி சிபாரிசு செய்து எழுதுகிறேன், கட்டாயம் கிடைக்கும் என்றேன். சிவகுமார் பன்னிரண்டு தடிகள் வரை ஊன்றியிருந்தார். எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போட்டார்.

“நேத்து வந்தீங்களாமே, சேர்,” என்றார். “ஆயாம்மா சொன்னிச்சு.”

குழு வந்தது. நடந்ததைச் சொன்னேன். மூவரும் நல்ல மனிதர்கள். அவர்களுக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. ஒருவர் சின்னவளுக்கு பிஸ்கட் பக்கட் ஒன்று கொடுத்தார். பிறகு படிவத்தில் ‘பரிசோதனை நேரத்தில் பயிர் இல்லை’ என்று எழுதி, மூவரும் கையொப்பமிட்டுப் போனார்கள்.

அன்று மாலையே நான் திணைக்களத்துக்குச் சிபாரிசுக் கடிதம் எழுதினேன். முதல் வசனம்: இன்ன திகதியில் நூற்று நான்கு செடிகளை நான் நேரில் எண்ணினேன். இரண்டாம் வசனம்: அவற்றைப் பிடுங்க வேண்டாம் என்று அறிவுறுத்தியதும், தனித்துச் சான்றளிக்க அதிகாரமும் வாய்ப்பும் இருந்தும் அதைச் செய்யாமல் விட்டதும் நான். காரியாலயத் தலைவர் வாசித்துவிட்டு, “இரண்டாவது எதற்கு? பன்றிச் சேதம் என்று மட்டும் போடுங்கள். வீணாக விளக்கம் கேட்பார்கள்,” என்றார். நான் மாற்றவில்லை. பல நாட்கள் அதை என் துணிச்சல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் சொன்னபடியே விளக்கம் கேட்டார்கள். விளக்கம் கேட்டதால் கோப்பு ஒழுக்காற்றுப் பிரிவுக்குப் போனது. ஒழுக்காற்றுப் பிரிவு பார்த்து முடிக்கும் வரை நிவாரணப் பிரிவு அதைத் தொட முடியாது. இந்த நடைமுறையும் எனக்குத் தெரிந்ததே.

மாதக் கடைசியில் தெஹியோவிட்ட பஸ் நிலையத்தில் தர்ஷினியைக் கண்டேன். கூட்டிப் போக வந்த பெண்ணோடு நின்றாள். தோளில் பள்ளிக்கூடப் பை. துணிகளைத் திணித்ததில் சிப் பாதிதான் மூடியிருந்தது.

“சேர்,” என்றாள், “கணிதத்துக்குப் பழைய வினாத்தாள் இருந்தா அனுப்புவீங்களா? பரீட்சைக்கு வந்துருவேன். டிசம்பர் வரைக்குந்தான்.”

அனுப்பினேன். அவளுக்குப் போய்ச் சேர்ந்ததா என்று தெரியாது. பரீட்சை டிசம்பரில் நடக்கவில்லை, அடுத்த மே மாதத்துக்குத் தள்ளிப்போட்டார்கள். அதைக் கேட்டதும் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம், இன்னும் நேரம் இருக்கிறது என்று. நான் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவன் நினைவூட்டல் கடிதம் அனுப்பக் கூடாது என்று எந்தப் பந்தியிலும் இல்லை, மூன்று அனுப்பினேன். சித்திரை வருடப் பிறப்புக்கு அவள் இரண்டு நாள் வந்து போனாள் என்று செல்வராணி போனில் சொன்னார். பரீட்சைக்கு லீவு கேட்கவில்லையா என்றேன். “கேட்டா வேற ஆள் பாத்துருவாங்களாம் சேர். இப்ப அவ அனுப்புறதுலதான் நாங்க சாப்பிடுறோம்,” என்றார்.

பொய் சொல்லுங்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வரவில்லை. அந்தத் தடிகளை ஊன்ற விட்டிருந்தால் சரியாகியிருக்குமா என்று இன்றும் எனக்கு முடிவு தெரியவில்லை. சில நாள் ஆம் என்கிறேன், சில நாள் இல்லை என்கிறேன். அந்தக் காலையில் பொய்யா உண்மையா என்று ஒரு குடும்பம் என் முகத்தைப் பார்த்து நிற்க வேண்டி வந்ததே முந்திய நாள் மாலை நான் ஏறாத பத்து நிமிட ஏற்றத்தால். பந்திகளை எல்லாம் படியுங்கள். எந்தப் பந்தி உங்களைக் காப்பாற்றுகிறது, எந்தப் பந்தி எதிரில் நிற்பவரைக் காப்பாற்றுகிறது என்று பிரித்துப் படியுங்கள். இரண்டாவது வகைக்குப் பெரும்பாலும் ஒருவர் கையொப்பம்தான் தேவைப்படும். கடைசி பஸ் போனால் போகட்டும்.

பதில் கடிதம் என் வீட்டு முகவரிக்கே வந்தது. என் விளக்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டிருந்தது. ஆறாம் பந்தி, இரண்டாம் உபபிரிவின் கீழ் அந்தக் குடும்பத்துக்கு மூன்று மாத உலர் உணவுப் பொதி வழங்க அனுமதி தந்திருந்தார்கள். வீட்டில் தற்போது வசிக்கும் அங்கத்தவர் நால்வரா மூவரா என்பதை மட்டும் மீள உறுதிப்படுத்தி அனுப்பும்படி கேட்டிருந்தார்கள். கடிதம் வந்தது மே மாதம் முப்பதாம் திகதி, செவ்வாய்க்கிழமை. பரீட்சை தொடங்கி இரண்டாம் நாள்.